தேள் சின்னம் பொறித்த வண்டி

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கட்டடத்தின் வாயிலில், வெள்ளை நிறத்தில் சிவப்புப் பட்டை ஓடிய சிறு கார் ஒன்று நின்றதை அன்பர்கள் பலர் பார்த்திருக்கலாம். குழந்தைகள் அதன் முகப்பிலிருந்த தேள் சின்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தனர். இளைஞர் சிலர் குனிந்து சக்கரங்களை ஆராய்ந்தனர். பெரியவர் ஒருவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, ஊரிலே வீடு கட்ட வைத்திருந்த பணந்தானே இது?" என்று கேட்டுவிட்டார். கையில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. ஒரு வாய் போட்டுக்கொண்டு, சிரித்துச் சமாளித்து நகர்ந்துவிட்டேன்.

அவர் கேட்டதில் தவறில்லை. முப்பது ஆண்டுகளாக என் நன்மை தீமைகளில் உடன் நின்றவர். அவருக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். பழைய வண்டி வாங்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இருக்கிறார்கள் என்பதால், வண்டி பார்த்த கதையையும் அதைச் செப்பனிட்ட கதையையும் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது: ஆம், வீட்டுப் பணத்தில் ஒரு பகுதிதான். மூன்று லட்சம் ரூபாய்.

நான் கோவில்பட்டிக்காரன். 1989-இல் வேலை தேடிப் பம்பாய் வந்தேன்; சில ஆண்டுகளில் புனேயில் நிலைத்துவிட்டேன். ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் உத்தியோகம். ஆனால் மோட்டார் மோகம் பிடித்தது அதற்கும் முன்னால். பள்ளி விடுமுறை ஒன்றில் சென்னையிலிருந்த என் மாமா என்னைச் சோழவரத்துக்கு அழைத்துச் சென்றார். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் அந்நாளில் ஆண்டுதோறும் மோட்டார் பந்தயம் நடக்கும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்த பின் பந்தயங்கள் அங்கே பெயர்ந்துவிட்டன. நான் பார்த்த ஆண்டில் வெயில் கொளுத்தியது. புழுதி கண்ணை மறைத்தது. தெருவில் டாக்டர் வீட்டு வாயிலில் நிற்கும் அதே ஃபியட் வண்டி, அங்கே தலை தெறிக்கப் பறந்ததை வாய் பிளந்து பார்த்தேன். ஓட்டம் முடிந்து வந்து நின்ற வண்டியின் சக்கரம் ஒன்றை ஒருவர் கழற்றி, உள்ளே பிரேக்கைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு குதித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் ஜெயித்தார் என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த மனிதர் கையை உதறியது மட்டும் மறக்கவில்லை.

பம்பாய்க்கு வந்தபோது அதே ஃபியட்டின் வாரிசான பிரீமியர் பத்மினியைக் கறுப்பும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கில் கண்டேன். குர்லாவில் உருவான வண்டிகள். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சி மும்பைச் சாலைகளை விட்டு நீங்கியது என்ற செய்தியைப் படித்தபோது, உறவினர் ஒருவர் காலமானதுபோல் அன்று முழுதும் மனம் சோர்ந்திருந்தது. இப்படிப்பட்ட எனக்கு, என் மகன் வேகமான வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று பேச்சை எடுத்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

மகனுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. ஹிஞ்ஜவாடியில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. அவன் சேமிப்பு நான்கு லட்சம், என்னுடைய மூன்று. ஆக ஏழு லட்சத்துக்கு ஒரு திட்டம் போட்டோம். கணக்கன் அல்லவா, பணத்தை முதலிலேயே மூன்று பங்காக்கினேன். வண்டியின் விலை ஐந்தரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். வாங்கியவுடன் செய்யும் செப்பனிடு வேலைக்கு ஒரு லட்சம். பெயர் மாற்றம், வரி, காப்பீடு முதலிய கடிதப் போக்குவரத்துக்கு மிச்சம். பழைய வண்டி வாங்குகிறவர்களில் பலர் கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, மறுமாதம் டயருக்குக் கடன் வாங்குவதைக் கண்டிருக்கிறேன். இந்தத் திட்டம் மட்டும் நான் பிழையின்றிச் செய்த காரியம். பிழை செய்த காரியம் பின்னால் வருகிறது.

எந்த வண்டி என்பதில் எங்களுக்குள் சச்சரவு இல்லை. கூரை திறக்கும் இரட்டை இருக்கை வண்டிகள் நம் கைக்கு எட்டுபவை அல்ல. எட்டினாலும் புனேயின் வேகத்தடைகளில் அடிவயிறு தட்டும். குடும்ப வண்டியின் உடலும் பந்தய வண்டியின் நெஞ்சும் கொண்ட சிறு கார்தான் வேண்டும். தேடித் தேடி அபார்த் புன்டோவில் வந்து நின்றோம். 2015 அக்டோபரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வண்டி; அன்று விலை பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1.4 லிட்டர் டர்போ இஞ்சின், 145 குதிரைச் சக்தி, கையால் மாற்றும் ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். நான்கு கதவும் பின்புறம் சாமான் வைக்க இடமும் உண்டு. ரஞ்சன்காவ் ஆலையில், அதாவது எங்கள் புனேக்குப் பக்கத்திலேயே உருவானது. 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபோது ஃபியட் வண்டிகள் இந்தியச் சந்தையில் இல்லாமற் போயின. ஆகவே உதிரிப் பாகங்களுக்குச் சற்று அலைய வேண்டியிருக்கும் என்பது தெரிந்தே இறங்கினோம்.

அபார்த் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வியன்னாவில் 1908 நவம்பரில் பிறந்த கார்ல் அபார்த் என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். பிற்பாடு இத்தாலிக்குக் குடியேறி, கார்லோ என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1949-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். விருச்சிக ராசிக்காரர், அதனால் தேள் சின்னம். பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போன இடத்தில் பெயர் பெற்றவர் என்பதால் நமக்கு அவரிடம் ஓர் உறவு இருக்கத்தான் வேண்டும். அவர் செய்த வியாபாரம் என்னவென்றால், ஃபியட் 600 போன்ற எளிய சிறு வண்டிகளுக்குச் சைலன்ஸரும், சக்தியைக் கூட்டும் துணைக் கருவிகளும் செய்து விற்றது. சாதாரணக் குமாஸ்தாவின் வண்டியைக் கொஞ்சம் துள்ள வைத்தார். 1971-இல் அவருடைய கம்பெனியை ஃபியட்டே வாங்கிக்கொண்டது. இந்தச் சரித்திரத்தை என் மகனுக்கு நானே உற்சாகமாகச் சொல்லிவைத்தேன். பின்னால் அது எனக்கே வினையாக முடிந்தது.

வண்டி பார்க்க எங்களுக்குத் துணை வந்தவர் மராத்திய மெக்கானிக் ஒருவர். பகுதியிலுள்ளோர் அவரைத் 'தாதா' என்று அழைப்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வந்திருக்கும் கெட்ட பொருளை எண்ணி என் மனைவி முதலில் மிரண்டாள்; மராத்தியில் அண்ணன் என்றே அர்த்தம். ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்ல ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாங்குவார். அந்தப் பணத்தைப் போல் நன்றாகச் செலவான பணம் வேறில்லை.

முதல் வண்டி வேறொரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். கதவுக்கடியில் நீல விளக்கு, உறுமும் சைலன்ஸர். கணினிப் பெட்டியிலுள்ள கணக்கை மாற்றிச் சக்தியை ஏற்றியிருப்பதாக விற்பவர் பெருமையுடன் கூறினார். என் மகன் முகத்தில் தீபாவளி. தாதா ஒன்றும் பேசவில்லை. முன்பக்க மூடியைத் திறந்து இஞ்சின்மேல் புறங்கையை வைத்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருமுன்னரே ஒருமுறை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும் இஞ்சின்தான் முதல் முறை கிளப்பும்போது தன் நோயைச் சொல்லும்: நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, இடைவிடாத வெள்ளைப் புகை வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. சூடேறிய இஞ்சின் இந்த இரகசியங்களை மறைத்துவிடும். "நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரை கிளப்ப வேண்டாம்" என்றார் தாதா. மறுநாள் அந்த வண்டி வேறொருவருக்கு விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது.

இரண்டாவது வண்டியில் ஓடோமீட்டர் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. கிளச் மிதியின் ரப்பரோ கோயிற்படிபோல் தேய்ந்து வழவழத்தது. ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் நைந்திருந்தது. பழைய சர்வீஸ் ரசீது ஒன்று கையில் சிக்கியது. இரண்டாண்டுகளுக்கு முன்பே அறுபத்தோராயிரம். எழுந்து வந்துவிட்டோம்.

மூன்றாவது வண்டி, நாங்கள் தேடிய அபார்த். 2016-இல் உருவானது. அது 2024 செப்டம்பர் மாதம். கணபதிப் பண்டிகைக்குத் தாதா கொங்கணத்திலுள்ள தம் கிராமத்துக்குப் போயிருந்தார். நானும் மகனும் மட்டும் போனோம். வண்டியின் எண் பலகையில் டி.என். என்ற எழுத்துகள்! உடையவர் கோயமுத்தூர்ப் பிள்ளை. வேலையாகப் புனே வந்தவர். இன்னும் சில வாரங்களில் கனடா போகிறவர். "வாங்க சார், நம்ம ஊருங்களா? முதல்ல உக்காருங்க, காப்பி சாப்பிட்டுப் பேசலாம்" என்றார். அந்தக் காப்பியின் மணம் இருக்கிறதே! எனக்கு அங்கேயே பாதி வண்டி வாங்கிவிட்டாற்போல் ஆயிற்று.

குறை சொல்லக்கூடாது. சர்வீஸ் ரசீதுகள் தேதிவாரியாகக் கோப்பில் இருந்தன. இஞ்சின் சில்லென்று இருந்தது; கிளப்பியபோது புகையில்லை. கதவுத் திருகுகளில் சாவி பட்ட தடமில்லை. கூரைத் தூண்களில் மறு வர்ணம் இல்லை. மொத்தம் ஓடியது முப்பத்தோராயிரம். மிதிகளின் ரப்பரும் அதற்கு ஒத்துப் பேசின. என் மகன் மட்டும், "அப்பா, தாதா வரட்டும், ஒரு வாரந்தானே" என்றான். நான், "நம்ம ஊர்ப் பையன்டா, பொய் சொல்லமாட்டான்" என்று அவன் வாயை அடைத்து, அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன். ஐந்து லட்சத்து நாற்பதினாயிரம் விலை.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவே இல்லை. அதைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை; அவருக்கும் அது தெரியாது.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, முள்ஷி ஏரியைத் தாண்டித் தாம்ஹிணி மலைப்பாதையில் உலாப் போனோம். நான் ஓட்டினேன், மகன் பக்கத்தில், மனைவி பின்னிருக்கையில் எலுமிச்சைச் சாதப் பாத்திரத்துடன். மழைக்காலத்தில் அந்த மலையெல்லாம் அருவி. ஏறும்போது தூறல். இறங்கும்போது நல்ல மழை. வேகமாகச் சென்றேன் என்று யாரும் எண்ண வேண்டாம்; முள் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில், எதிரே பஸ் ஒன்று மேலேறி வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி என் காலடியில் கடகடவென்று துடித்தது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி தன் வேலையைச் செய்கிறது. ஆயினும் வண்டி நிற்கவில்லை. எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் வைத்த கொழுக்கட்டைபோல் வழுக்கிக்கொண்டே முன்னேறியது. பஸ் ஓட்டுநர் தம் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்தினார். எங்கள் வண்டி சாலையோரக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. சுவருக்கு அப்பால் மேகமும் பள்ளமும்.

யாரும் கத்தவில்லை. பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து, என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. மகன் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தான். பிறகு என்னை அழைத்து டயரின் பக்கவாட்டைக் காட்டினான். வரிசையாகச் சில எழுத்துகள். கடைசியில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2316. 2016-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்த டயர் என்பது அதன் பொருள். வண்டியோடு பிறந்த டயர்கள்! எட்டு வயது. அதிகம் ஓடாத வண்டியாகையால் பள்ளங்கள் ஆழமாக, புத்தம் புதியனபோல் இருந்தன. 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்ற வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். இதில் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. ஆனால் ரப்பர் இறுகிவிட்டது. நகத்தை ஊன்றிப் பார்த்தேன். பலகையில் ஊன்றினாற்போல் இருந்தது.

இந்த நான்கு எண்களைப் படிக்கத் தாதாவுக்கு அரை நிமிஷம் போதும். ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவே. எண் பலகையிலிருந்த இரண்டு எழுத்துகளைப் படித்து மகிழ்ந்தவன் டயரிலிருந்த நான்கு எண்களைப் படிக்கவில்லை. முதல் வண்டியின் நீல விளக்கைக் கண்டு மயங்கிய மகனை நான் மனத்துக்குள் எள்ளினேனே, அவனாவது ஒரு வாரம் பொறுக்கச் சொன்னான்.

வீடு வரும்வரை என் மனைவி வாய் திறக்கவில்லை. பாத்திரத்தை அலம்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். விற்றுவிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "விற்றால் வாங்குகிறவன் பிள்ளையும் இதே டயரில்தானே போவான்? முதல்ல நிற்கிற மாதிரி பண்ணுங்க. ஓடுவதைப் பிறகு பார்த்துக்கலாம். அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். சாவி சமையலறையில் கடுகு டப்பாவுக்குள் போயிற்று.

ஆகவே எங்கள் மேம்பாட்டு வேலை நாங்கள் போட்ட வரிசையில் நடக்கவில்லை. அவள் போட்ட வரிசையில் நடந்தது. நல்ல கம்பெனியின் புது டயர் நான்கு, தயாரித்து மூன்று மாதம் ஆகாதவையாகப் பார்த்து வாங்கினோம்: முப்பதாயிரம். அளவை மாற்றவில்லை. அகலமான டயர் போட்டால் பார்வைக்கு மிடுக்கு. மழையில் நீரின்மேல் மிதப்பதற்கும் அதுவே வழி. அடுத்து பிரேக். தாதா பழைய பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடிக் குப்பியில் இறக்கிக் காட்டினார், கடுங்காப்பி நிறம். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால், மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள், ஆயிரத்திருநூறு ரூபாய்தான். பிரேக் பேடுகளை மாற்றி, டிஸ்க்குகளைச் சமன்செய்ய இன்னொரு பதினாலாயிரம். சோழவரத்தில் கையை உதறிக்கொண்ட மனிதரை அன்று தாதாவின் பட்டறையில் நினைத்துக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு பிரேக் புராணம் என்று இளைஞர்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடுகிறது. நாம் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்குவதற்குள் அந்தத் தூரம் போயிற்று. வேகம் 60-லிருந்து 80 ஆனால் கூடுவது மூன்றில் ஒரு பங்கு. பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரமோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 145 குதிரைகளை வைத்திருப்பவன் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும்.

பிறகு ஷாக் அப்சார்பர்களும், முன்சக்கரக் கைகளின் ரப்பர் புஷ்களும்: இருபத்திரண்டாயிரம். இந்த வேலை முடிந்தபின் வண்டியின் குணமே மாறிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன், "உத்தரவு" என்று கேட்டுத் திரும்பிற்று. பழைய வண்டிக்குப் பந்தய ஸ்பிரிங் போட விரும்புவோர், முதலில் அதற்குப் பிறந்தபோதிருந்த ரப்பர்களைப் புதிதாக்கிப் பார்ப்பது நலம். பலருக்கு அதன்பின் வேறொன்றும் தேவைப்படாது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கான ரசீது அந்த அழகிய கோப்பில் இல்லை. ஓடிய தூரம் குறைவானாலும் வயதாலும் பெல்ட் கெடும். அறுந்தால் வால்வுகள் வளைந்து இஞ்சினையே பிரிக்க நேரலாம். நீர் பம்பையும் சேர்த்துப் பதினோராயிரம். ஸ்பார்க் பிளக்குகள் மூவாயிரத்து இருநூறு.

இதற்குள் மகன் பொறுமை இழந்திருந்தான். தாதாவின் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து பேச்சை எடுத்தான்.

"அப்பா, சைலன்ஸரும் ரீமாப்பும்?"

"வேண்டாம்."

"அபார்த்தே சைலன்ஸர் விற்றுத்தானே பெரிய ஆளானார்? நீங்களே சொன்னீங்க!"

நான் சொல்லிவைத்த சரித்திரம் என்னையே திருப்பி அடித்தது. தாதா தலையைக் குனிந்து சிரித்தார். நான் என் காரணங்களைச் சொன்னேன். உருவாக்கியவர் குறித்த தன்மைக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது சிறைகூட. உறுமும் சைலன்ஸர்களைப் போலீசார் பறித்து, நடுச்சாலையில் ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சியைப் பல நகரங்களில் கண்டிருக்கிறோம். காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் சக்தியை ஏற்றியிருந்தால், விபத்து நேரும் நாளில் அவர்கள் கையை விரிக்க இடமுண்டு. இவையெல்லாம் ஒரு பக்கம். கூட்டும் சக்தியைத் தாங்கவேண்டியது எட்டு வயதுக் கிளச். அது போனால் மாற்றுக் கிளச்சுக்கு எத்தனை கடை ஏற வேண்டுமோ.

அவன் வாதாடவில்லை. காற்று வடிகட்டி ஒன்று மட்டும் கேட்டான். அசல் பெட்டிக்குள்ளேயே பொருந்துவது, ஐயாயிரம் ரூபாய். சரியென்றேன். அதனால் சக்தி கூடிற்றா என்றால், தாதாவின் கருத்தும் என் கருத்தும் கூடவில்லை என்பதே. இஞ்சின் மூச்சு வாங்கும் ஓசை சற்றுக் கேட்கிறது. மகனுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் இல்லாதபோது நானும் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த ஓசையைக் கேட்பதுண்டு.

ஆகச் செலவு எண்பத்தாறாயிரத்து நானூறு. ஒரு லட்சத்தில் மிஞ்சிய பதின்மூவாயிரத்து அறுநூறை என் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டுக் கணக்கில் சேர்ந்ததாகத் தகவல்.

பெயர் மாற்றக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளி மாநில வண்டி வாங்க நினைப்போருக்கு உதவும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. காரியாலயத்திலிருந்து ஆட்சேபமின்மைக் கடிதம். அதுதான் 28-ஆம் எண் படிவம். உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். விற்றவர் கனடா புறப்படுமுன் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதிகளில் கையொப்பம் வாங்கிவைத்தேன். இல்லையேல் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். காப்பீட்டை உரிமை மாறிய பதினான்கு நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இங்கே புதிதாகச் சாலை வரியும் கட்டவேண்டும். பழைய வண்டி என்பதால் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் முன்பு கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம். கேட்டிருக்கிறோம்.

நான்கு மாதம் கழித்து எம்.எச். எண் வந்தது. டி.என். பலகையைத் தாதா கழற்றியபோது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.

பெரியவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவில்பட்டி வீட்டுக்கு மூன்று லட்சம் குறைந்தது உண்மை. மகன் மாதந்தோறும் பத்தாயிரம் ரூபாயாக அதைத் திருப்பிக் கட்டி வருகிறான். நான் கேட்கவில்லை, அவன் தாய் கேட்டிருக்கிறாள் போலும். அடுத்த தை மாதம் வானம் தோண்டுவதாக உத்தேசம். ஒரு அறை குறையும். வண்டி நிறுத்தக் கொட்டகை மட்டும் வரைபடத்தில் புதிதாக வந்திருக்கிறது. யார் வரைந்து சேர்த்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடுகு டப்பாவிலிருந்து சாவியை எடுத்து என் மனைவி மேஜைமேல் வைத்தாள். என் பக்கம் அல்ல, மகன் பக்கம். "தாம்ஹிணி போகலாமா?" என்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகன் ஓட்டினான், நான் பின்னிருக்கையில். இறக்கத்தில் முன்கூட்டியே கியரைக் குறைத்து, பிரேக்கை மென்மையாகத் தொட்டுத் தொட்டு இறங்கினான். எனக்கு அவ்வளவு நேர்த்தியாக வராது. வழியில் சுட்ட மக்காச்சோளம் விற்கும் தள்ளுவண்டியருகே நிறுத்தி ஆளுக்கொன்று வாங்கினோம். சோளத்தைக் கடித்தபடியே, "ஏங்க, அன்றைக்கு நின்னோமே, அந்த வளைவு எப்போ வரும்?" என்று கேட்டாள்.

அதைக் கடந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.